எல்லா டெஸ்டும் நார்மல், வலி மட்டும் போகவில்லை: பிறவி ரத்தக்குழாய்க் கோளாறால் நெஞ்சுவலி வந்தவர்கள் இருக்கிறீர்களா?

பதினான்காம்படி

ஆறு வருடக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேகமாக மாடி ஏறினால் நடு நெஞ்சில் ஒரு இறுக்கம். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். ஈசிஜி நாலு தடவை, எக்கோ இரண்டு தடவை, டிரெட்மில் ஒரு தடவை. எல்லாமே நார்மல். முதலில் கேஸ் என்றார்கள், பிறகு அசிடிட்டி, பிறகு தசைப்பிடிப்பு, கடைசியில் "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா". எனக்கு வயது 34. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் கிடையாது. அதனாலேயே யாரும் இதயத்தின் பக்கம் போகவில்லை.

போன மாதம் ஒரு புது டாக்டர், சந்தேகம் தீரட்டும் என்று சிடி ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன், எழுதினார். நான் எழுத வந்ததே அந்த அறையில் நடந்ததைப் பற்றித்தான். ஸ்கேன் முடிந்து கையில் ஊசியோடு படுத்திருக்கிறேன். உள்ளே கூட்டிப் போகும்போது கலகலவென்று பேசிக்கொண்டு வந்த டெக்னீஷியன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறார். யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் ரேடியாலஜி டாக்டரே உள்ளே வந்தார். வலி எங்கே, எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "ஓடும்போது எப்பவாவது மயங்கி விழுந்திருக்கீங்களா?" என்றார்.

விழுந்திருக்கிறேன். 14 வயதில், பள்ளி ஓட்டப்பந்தயத்தில், முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால். வெயில் என்று சொல்லித் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். கண் விழித்தபோது வாயெல்லாம் மண். இந்த இருபது வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

என் வலது கொரோனரி, அதாவது இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய், கிளம்ப வேண்டிய இடத்தில் கிளம்பாமல் இடது பக்கத்திலிருந்து கிளம்பி, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் புகுந்து வருகிறதாம். அதன் வாய் வட்டமாக இல்லாமல் கீறல் மாதிரி இருக்கிறதாம். ஆபரேஷனா வேண்டாமா என்று அடுத்த வாரம் சொல்வார்கள். இதே மாதிரி யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். மயங்கி விழுந்திருக்கீங்களா என்ற அந்த ஒரு கேள்வி ராத்திரி தூங்க விடவில்லை.

நீச்சல்தடம்

அக்கா, எனக்கு இருப்பது வேறு வகை. மயோகார்டியல் பிரிட்ஜ். இதயத்துக்கு மேலே ஓட வேண்டிய குழாய், கொஞ்ச தூரம் தசைக்குள் முங்கி ஓடி மறுபடி வெளியே வருகிறது. எனக்கு எல்ஏடி என்ற, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் இடது குழாயின் நடுப்பகுதியில். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்குமாம்.

குளத்தில் நாலாவது சுற்றில் வலி வந்தது. அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து, "ரெண்டு நிமிஷத்துல குறையும்" என்றார் நர்ஸ். குறையவில்லை, ஏறியது. "அதிகமாகுது சிஸ்டர்" என்றேன். இன்னும் கரைந்திருக்காது என்று இரண்டாவதை வைத்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவர் என் முகத்தைப் பார்க்காமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மூன்று வருடத்தில் அந்த இரண்டு நிமிடத்தை எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நெஞ்சுவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மாத்திரை நல்லதைத்தான் செய்யும். பிரிட்ஜ் இருப்பவர்களுக்கு மட்டும் அது மற்ற இடங்களைத் தளர்த்திவிட்டு, துடிப்பையும் கூட்டி, தசைக்குள் இருக்கும் துண்டை இன்னும் நெருக்கிவிடுமாம். மறுநாள் ஆஞ்சியோவில் நானே பார்த்தேன். திரையில் கறுப்புக் கோடாக மருந்து ஓடுகிறது. இதயம் சுருங்கும்போதெல்லாம் அந்தத் துண்டு மட்டும் நூலாக மெலிகிறது, விரிந்ததும் பழையபடி ஆகிறது. பால் கறப்பது போல என்றார் டாக்டர். மருத்துவப் புத்தகத்திலேயே அதற்கு அந்தப் பெயர்தானாம்.

இப்போது துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறேன். நீச்சல் உண்டு, பந்தயம் கிடையாது.

நிதானம்

நீச்சல்தடம் சார், உங்களுக்கு நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் பிரிட்ஜ் என்றாலே பயந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கும் அதே எல்ஏடியில் பிரிட்ஜ் இருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு எட்டு மாதம் நடைப்பயிற்சியைக்கூட நிறுத்தினேன். கடைசியில் என் வலிக்குக் காரணம் உணவுக்குழாயில் ஏறிய அமிலம். அதற்கு மருந்து சாப்பிட்டதும் வலி போய்விட்டது, பிரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிரேதப் பரிசோதனையில் தேடினால் எத்தனையோ பேருக்கு இது இருக்கும். அவர்கள் வேறு காரணத்தால், வயதாகி இறந்தவர்கள்.

ஏன் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றால், இதயத் தசைக்கு ரத்தம் முக்கியமாகப் போவது இதயம் சுருங்கும்போது அல்ல, விரிந்து ஓய்வெடுக்கும்போது. பிரிட்ஜ் நெருக்குவது சுருங்கும் நேரத்தில். துடிப்பு நிதானமாக இருந்தால் ஓய்வு நேரம் தாராளமாகக் கிடைக்கும், பற்றாக்குறை வராது. துடிப்பு 140, 150 என்று ஏறும்போது அந்த ஓய்வு நேரம்தான் முதலில் குறைகிறது. சிலருக்கு நெருக்கம் விடுபடவும் கொஞ்சம் தாமதமாகும், அப்போது வலி வரும். சாருக்கு பீட்டா பிளாக்கர் கேட்பதும் அதனால்தான். துடிப்பைக் குறைத்து ஓய்வு நேரத்தை நீட்டிக் கொடுக்கிறது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதால் டில்டியாசெம் போன்ற வேறு வகை கொடுப்பார்கள். அந்தத் துண்டுக்குள் ஸ்டென்ட் வைப்பதில் பெரும்பாலான டாக்டர்களுக்குத் தயக்கம் உண்டு. தசை ஓயாமல் நசுக்குவதால் ஸ்டென்ட் உடையலாம், குழாய் கிழியலாம், மறுபடி அடைக்கலாம். யாராவது அவசரமாக ஸ்டென்ட் என்றால் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பதினான்காம்படி சகோதரி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டர் படத்தைத்தான் பார்ப்பார். வலி எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நிமிடம், எதனால் நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். டிரெட்மில் நார்மல் என்றார்களே, அதில் உங்கள் துடிப்பு எவ்வளவு வரை ஏறியது என்று பாருங்கள். பாதியில் நிறுத்திய டெஸ்டையும் நார்மல் என்று எழுதிவிடுவது உண்டு. தண்ணீர் குறையாமல் குடியுங்கள். அப்புறம், இதைப் படிக்கும் இளவயதுக்காரர்களுக்கு பிரஷர் அதிகம் என்று சொல்லியிருந்தால் இரண்டு கையிலும், ஒரு காலிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கையில் அதிகமாகவும் காலில் குறைவாகவும் இருந்தால் மகாதமனியே ஓரிடத்தில் பிறவியிலிருந்து குறுகியிருக்கலாம். அதற்கும் நெஞ்சுவலி, தலைவலி, நடந்தால் கால்வலி எல்லாம் வரும். அளக்க ஐந்து நிமிடம் ஆகாது.

நீச்சல்தடம்

பயமுறுத்த எழுதவில்லை ஐயா. உங்கள் வலி அமிலத்தால் வந்தது என்பதற்காக என் வலியும் அப்படி ஆகிவிடாது. எனக்கும் ஒரு வருடம் அமிலத்துக்குத்தான் மருந்து கொடுத்தார்கள்.

குட்டிப்பாப்பா அப்பா

ஈசிஜியில் ஒன்றும் தெரியாது என்பது போல இங்கே பேச்சு போகிறது. எல்லா வகைக்கும் அப்படி இல்லை. என் மகளைக் காப்பாற்றியதே ஒரு ஈசிஜிதான்.

இரண்டரை மாதக் குழந்தை. பால் குடிக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழுவாள். முகம் வெளிறிப்போகும். வயிற்றுவலி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். பெரியவர்கள் பசி என்றார்கள், பால் சேரவில்லை என்றார்கள். என் மனைவி மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பால் குடிக்கும்போது இவளுக்கு ஏன் வியர்க்குது?" மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்த்திருக்கும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், அறை குளிர்ச்சியாக இருக்கும், குழந்தைக்கு வியர்க்கும். ஒவ்வொரு தடவையும் அவள் சுண்டுவிரலால் அதைத் துடைப்பாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த குழந்தை டாக்டரிடமும் அவள் இந்த வியர்வையைத்தான் முதலில் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கே எக்ஸ்ரே, ஈசிஜி. இதயம் வீங்கியிருந்தது. பெரியவர்களுக்கு மாரடைப்பு வந்தால் தெரியும் மாற்றம் அந்தச் சின்னத் தாளில் இருந்தது. எக்கோவில் உறுதியானது: இடது கொரோனரி மகாதமனியிலிருந்து வராமல் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருக்கிறது. ஆல்காபா என்பார்கள். மூன்று லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் என்று சொன்னார்கள். 1933இலேயே பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்ற மூன்று டாக்டர்கள் எழுதிவைத்ததாம். பால் குடிக்கும்போது வலியும் வியர்வையும் வருவது அதிலேயே இருக்கிறதாம்.

பிறந்தவுடன் தெரியாததற்கும் காரணம் சொன்னார்கள். பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் ரத்தம் எப்படியோ தசைக்குப் போய்விடும். சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்கும். அப்போது இதயத் தசைக்குப் போக வேண்டிய ரத்தம் தலைகீழாக நுரையீரல் பக்கம் ஓட ஆரம்பிக்கும். குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் ஓட்டப்பந்தயம். அவளுக்கு வந்தது நெஞ்சுவலி. சொல்ல வாய் இல்லை.

குழாயைப் பிரித்து மகாதமனியில் சேர்த்துத் தைத்தார்கள். இப்போது ஏழு வயது, வீட்டில் நடப்பதே கிடையாது, ஓட்டம்தான். எனக்கு மட்டும் அந்தச் சுண்டுவிரல் நினைவுக்கு வரும். இரண்டு வாரம் அவள் துடைத்துக்கொண்டிருந்ததை நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேர்வழி

படிக்கக் கஷ்டமாக இருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு சந்தேகம். குழந்தைக்கு வந்தது புரிகிறது. பிறவியிலேயே குழாய் தவறான இடத்தில் இருந்தால் 30, 35 வயதில் திடீரென்று ஏன் வலிக்க வேண்டும்? அத்தனை வருடம் தாங்கிய இதயத்துக்கு இப்போது என்ன வந்தது? ஸ்கேனில் ஏதோ ஒன்று தெரிந்தால் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகச் சொல்லிவிடுகிறார்களோ என்று தோன்றுகிறது. எனக்கும் நெஞ்சுவலி வந்தது, பதட்டம் என்றார்கள். மூச்சுப் பயிற்சியில் சரியாகிவிட்டது.

பந்துக்கூடை

நேர்வழி, பீட் மராவிச்சைத் தேடிப் படியுங்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் பெரிய பெயர். என்பிஏவில் 10 சீசன் ஆடியவர். 1988 ஜனவரி 5 அன்று நண்பர்களோடு சாதாரணமாக ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து இறந்தார். வயது 40. பிரேதப் பரிசோதனையில் பார்த்தால் அவருக்கு இடது கொரோனரியே பிறவியில் இல்லை. வலது ஒன்றுதான் முழு இதயத்துக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறது. அத்தனை வருட ஆட்டத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தாங்கியது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

என் கதை சின்னது. 29 வயதில் ஏதோ காய்ச்சலுக்குப் போய் வார்டில் படுத்திருந்தேன். ஒரு மருத்துவ மாணவி பயிற்சிக்காக என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தாள். எடுக்கவே இல்லை. "கொஞ்சம் மூச்சைப் பிடிங்க சார்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு தன் தோழியைக் கூப்பிட்டாள். அவளும் கேட்டாள். "இடைவெளியே இல்லாம ஓடுது பாரேன்" என்று கிசுகிசுத்தார்கள். எனக்குப் பயத்தில் வயிறு கலங்கியது. கொரோனரியிலிருந்து நுரையீரல் தமனிக்கு ஒரு பிறவிக் கால்வாய், ஃபிஸ்டுலா. நான் ஆடும்போது வந்த வலிக்கு அதுதான் காரணம். தசைக்கு வர வேண்டிய ரத்தம் குறுக்கு வழியில் போய்க்கொண்டிருந்தது. தொடை வழியாகக் குழாய் விட்டுச் சின்னக் கம்பிச் சுருள் வைத்து அடைத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பத்து வருடமாக மனதில் கிடக்கிறது.

வெள்ளைத்தாள்

பதினான்காம்படி அவர்களுக்கு இருப்பதே எனக்கும். ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட் போனுக்கு வந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று நாள். பார்க்கிங்கில் வண்டியில் உட்கார்ந்து திறந்தேன். "மாலிக்னன்ட் கோர்ஸ்" என்று இருந்தது. மாலிக்னன்ட் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புற்றுநோய். இதயத்தில் புற்றுநோய் என்று நினைத்துவிட்டேன். அம்மாவுக்கு மார்பில் வந்தபோது பார்த்த அதே சொல். வண்டியை எடுக்கவில்லை, ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். பையனின் பள்ளிக்கூட நேரம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. டீச்சர் போன் செய்த பிறகுதான் கிளம்பினேன்.

இரண்டு பெரிய தமனிகளுக்கு நடுவில் குழாய் போனால் ஆபத்தான பாதை என்ற அர்த்தத்தில் ரேடியாலஜிஸ்டுகள் அப்படி எழுதுவது பழைய வழக்கமாம். கட்டியும் இல்லை, கேன்சரும் இல்லை. இப்போது பலர் அந்த வார்த்தையை விட்டுவிட்டு, பாதை எங்கே போகிறது என்று மட்டும் எழுதுகிறார்களாம். எனக்கு எழுதியவர் பழைய வழக்கக்காரர். ரிப்போர்ட் நேராக நோயாளியின் போனுக்கு வருகிற காலத்தில் இதை மாற்றியே ஆக வேண்டும்.

மெதுவாகமென்று

இதயக் குழாய் இல்லை, ஆனால் தலைப்புக்குப் பொருந்தும். எனக்கு விழுங்கும்போது நெஞ்சுக்குப் பின்னால் வலி, ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி. எண்டோஸ்கோபி செய்தார்கள். மயக்க மருந்து லேசாகத்தான் கொடுத்திருந்தார்கள், திரை தெரிந்தது. உணவுக்குழாயின் பின்சுவர் ஓரிடத்தில் உள்பக்கம் புடைத்து, துடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு என் நாடியோடு ஒத்துப் போனது. டாக்டர் கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தார். "சதை எடுத்து அனுப்பட்டுமா சார்?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். "தொடாதே" என்றார்.

வலது கைக்குப் போகும் தமனி எனக்கு மகாதமனியின் கடைசிக் கிளையாகப் பிறந்து, உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே போகிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே பேஃபோர்ட் என்ற இங்கிலாந்து டாக்டர் இதை எழுதியிருக்கிறார். இயற்கையின் விளையாட்டு என்ற லத்தீன் சொல்லிலிருந்து பெயரும் வைத்தார். இந்தக் குழாய் இப்படி இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாதாம். எனக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. சின்னச் சின்ன வாயாக, நன்றாக மென்று சாப்பிடுகிறேன். "தொடாதே" என்ற அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. அன்றைக்கு அவர் கை அவசரப்பட்டிருந்தால்?

தம்பிக்காக

இரண்டு நாளாகப் படித்துவிட்டு மூடிக்கொண்டிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

என் தம்பிக்கு 19 வயது. கால்பந்து ஆடுவான். ஒரு நாள் ஆடிவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றான். "அக்கா, இங்க யாரோ முழங்கையை வச்சு அழுத்துற மாதிரி இருக்கு" என்று நெஞ்சில் கையை மடக்கி வைத்துக் காட்டினான். அவன் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "மூச்சுப் பிடிச்சிருக்கும்டா, ரெண்டு நாள் ஓடாதே" என்றேன்.

அவன் என் பேச்சைக் கேட்டான். சரியாக இரண்டு நாள் ஓடவில்லை. மூன்றாம் நாள் போனான்.

இடது கொரோனரி வலது பக்கத்திலிருந்து கிளம்பியிருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் எழுதியிருந்தார்கள். வலதைவிட இடது அப்படி இருப்பதுதான் ரொம்ப ஆபத்து என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேகமாக ஓடும்போதோ, ஓடி நின்ற உடனேயோ நடக்கும் என்றார்கள். அவனும் ஓடி நின்ற பிறகுதான் விழுந்தான். ஒரு ஈசிஜிகூட எடுத்ததில்லை, எடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். என் ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். துணி மடிக்கும்போதெல்லாம் அந்தக் கதவைப் பார்க்கிறேன்.

நிதானம்

அம்மா, மனது கனத்துவிட்டது. வீட்டில் மற்றப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். பொதுவாக இது பரம்பரையாக வருவதில்லை, ஆனால் ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருந்ததும் உண்டு. இளவயதுக்காரர்களுக்கு எக்கோவிலேயே குழாய் கிளம்பும் இடம் தெரியும், தேடிப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வால்வையும் பம்ப் ஆவதையும் பார்த்து நார்மல் என்று எழுதிவிடுவார்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ எடுக்கலாம், அதில் கதிர்வீச்சு இல்லை. விளையாட்டுக் குழுவில் சேர்க்கும் முன் எல்லாருக்கும் பரிசோதனை

குட்டிப்பாப்பா அப்பா

ஐயா, அவர் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் விடுங்கள்.

நிதானம்

சரிதான். பாதியில் அனுப்பிவிட்டேன், மீதியை எழுதவில்லை. மன்னியுங்கள் அம்மா.

நேர்வழி

தம்பிக்காக அக்கா, மேலே நான் எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். தெரியாமல் எழுதிவிட்டேன். பதினான்காம்படி அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பதினான்காம்படி

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். ஆபரேஷன் முடிந்தது.

வலது குழாய் இப்படி இருந்தால் எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை, வலியோ மயக்கமோ இருந்தால், இல்லை டெஸ்டில் ரத்தக் குறைவு தெரிந்தால் செய்வார்கள் என்றார் சர்ஜன். எனக்கு இரண்டும் இருந்தது. கையுறைப் பெட்டியைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். என் குழாய் மகாதமனியின் சுவருக்குள்ளேயே கொஞ்ச தூரம் படுத்து ஓடி அப்புறம் வெளியே வருகிறது. ஓடும்போது மகாதமனி விரிய விரிய, சுவருக்குள் இருக்கும் குழாய் தட்டையாகிவிடும். அவர் செய்வது அந்தத் துண்டின் கூரையைத் திறந்துவிடுவது. அப்போது கீறலாக இருந்த வாய் அகலமாகி, நேராக, சரியான இடத்தில் திறந்துவிடும். "குழாயை வெட்டி ஒட்டப்போறதில்ல, மூடியிருக்கிறதைத் திறந்துவிடப் போறோம்" என்றார். அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் டிரெட்மில் வைத்தார்கள். துடிப்பு 172 வரை போனது. இறுக்கம் வருமா வருமா என்று நெஞ்சையே கவனித்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. மூச்சுதான் வாங்கியது. மூச்சு வாங்குவதும் நெஞ்சு இறுகுவதும் வேறு வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபது வருடம் இரண்டும் ஒன்று என்று நினைத்திருக்கிறேன்.

தம்பிக்காக, நான் மயங்கி விழுந்த அன்று என் அம்மாவும் வெயில் என்றுதான் சொன்னார். ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி அதைச் சொல்லி அழுதார். அம்மா மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லத் தோன்றியது.

தம்பிக்காக

படித்தேன். நன்றி.

புதியவன்22

எல்லாவற்றையும் இப்போதுதான் படித்து முடித்தேன். பேட்மிண்டன் ஆடும்போது வலி, ஈசிஜி, எக்கோ நார்மல். நாளைக் காலை எனக்கு சிடி ஆஞ்சியோ. துடிப்பைக் குறைக்க ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேனில் என்ன செய்வார்கள்? வலிக்குமா? தனியாகத்தான் போகிறேன்.

பதினான்காம்படி

வலிக்காது தம்பி. துடிப்பு 60 பக்கம் வந்தால்தான் படம் ஆடாமல் விழும், அதற்குத்தான் மாத்திரை. காபி, டீ வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். உள்ளே போனதும் நாக்குக்கு அடியில் ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள், கொஞ்சம் தலை பாரமாக இருக்கும். மருந்து ஏற்றும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடாக ஒன்று இறங்கும். சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும், போயிருக்காது. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்துவிட்டேன். மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், பத்து நொடிக்குள் முடிந்துவிடும்.

ஓடும்போதோ ஆடும்போதோ கண் இருட்டியிருந்தால், விழுந்திருந்தால், எத்தனை வருடத்துக்கு முன்னால் என்றாலும் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடு. ரிப்போர்ட் போனில் வந்தால் தனியாக உட்கார்ந்து திறக்காதே. இங்கே எழுது, ராத்திரி ஆனாலும் பார்ப்பேன்.